பெயர் மறைக்கும் உரிமை யாருக்கு?

மனச்சுமையுடைய மாணவர் தம் பெயரை வெளியிடாது சக மாணவரொருவருடன் எழுத்தில் உரையாடுவதற்குத் தமிழில் ஒரு செயலி வேண்டும் என்னும் குரல் நம் பல்கலைக்கழகங்களில் எழத் தொடங்கியுள்ளது. பெயரை ஒளித்துப் பேசுவது கோழைத்தனம், உளவளத்துணையாளரிடம் நேரே செல்லலாமே என்று இதனை எதிர்ப்போரும் உளர். இவர்கள் நம் சமூகத்தை அறியாதவர்கள் அல்லது அறிந்தும் மறந்தவர்கள். ஒருவன் உளநோய் வைத்தியரை நாடினான் என்ற செய்தி ஊருக்கு எட்டினால் அவனுடைய தங்கையின் கலியாணப் பேச்சும் முறிந்துவிடும் சூழல் இது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கொண்ட சட்டம் இந்நாட்டில் 1998 வரை இருந்தது. சட்டம் போயிற்று, பார்வை போகவில்லை. எனவே துன்புறுவோன் தன் பெயரை மறைப்பது அவனது உரிமை. இதில் எமக்கு ஐயமில்லை.

செயலியை ஆக்கப் புறப்பட்டோருடன் எமக்குள்ள பிணக்கு வேறு. அவர்கள் அதே முகமூடியைக் கேட்போனுக்கும், உரையாடலைச் சேமித்து வைப்போனுக்கும் சேர்த்தே வழங்குகின்றனர்.

1953இல் இலண்டனில் சாட் வரா என்னும் மதகுரு, தற்கொலை எண்ணமுடையோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என அறிவித்தார். அவரைக் காண வந்தோர் முறைக்காகக் காத்திருக்கையில், தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்த தொண்டர்களே பலரின் பாரத்தை இறக்கிவிட்டனர். குருவைக் காணும் தேவையின்றியே பலர் திரும்பினர். சமாரித்தன்ஸ் இயக்கம் இவ்வாறே உருப்பெற்றது. 1974இல் இலங்கையில் தோன்றிய சுமித்ரயோவும் இவ்வழி வந்ததே. சக மனிதரின் செவிக்கு வலிமை உண்டென்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை. ஆயின் அத்தொண்டர்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள், பயிற்றப்பட்டவர்கள், தமக்கு மேலுள்ளோர்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் யாரென்பது நிறுவனத்துக்குத் தெரியும். மேலும், தொலைபேசியிற் பேசியது காற்றோடு போயிற்று. செயலியில் எழுதியது எங்கோ ஒரு கணினியில் எஞ்சுகின்றது.

எஞ்சுவதற்கு என்ன நேரும்? அமெரிக்காவின் கிரைசிஸ் ரெக்ஸ்ற் லைன் என்னும் அமைப்பு, நெருக்கடியில் இருந்தோர் எழுதிய செய்திகளைப் பெயர் நீக்கி, லோரிஸ் என்னும் இலாப நிறுவனத்துக்கு வழங்கியமை 2022 சனவரியில் வெளிவந்தது. வாடிக்கையாளரோடு இதமாகப் பேசுவதற்கான மென்பொருளை ஆக்குவது லோரிசின் தொழில்! கண்டனம் எழுந்தபின் அவ்வழங்கல் நிறுத்தப்பட்டது. பெயர் நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் துயரம் கச்சாப் பொருளாயிற்று. அடுத்த ஆண்டே கோக்கோ என்னும் சகதுணைத் தளம், சுமார் 4,000 பேருக்குச் செயற்கை நுண்ணறிவு வரைந்த மறுமொழிகளை அனுப்பியதாக அதன் நிறுவுநர்களுள் ஒருவர் அறிவித்தார். இயந்திரம் ஆக்கியதென அறிந்தபின் அவ்வாறுதல் பயனற்றுப் போயிற்று என்பதும் அவர் கூற்றே.

அமெரிக்கா கிடக்க, நம் வளாகத்துக்கு வருவோம். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டும் அக்கொடுமை ஒழிந்தபாடில்லை. பகலிற் புதுமுக மாணவனை முழந்தாளில் நிறுத்திய சிரேஷ்ட மாணவன், இரவில் 'தோழன்' என்னும் புனைபெயரில் அவனது கண்ணீரை வாசிப்பதை இச்செயலி எவ்வாறு தடுக்கும்? கேட்போனுக்கும் முகமில்லை என்றால் தடுக்க இயலாது.

பாதிக்கப்பட்டவனின் பெயராவது உண்மையில் மறையுமா? 'பேந்து' என எழுதினால் யாழ்ப்பாணம். 'மறுகா' என எழுதினால் மட்டக்களப்பு. அதனோடு பீடமும் ஆண்டும் விடுதியும் சேர்ந்தால் எஞ்சுவோர் இருவரோ மூவரோதான். பெருநகரத்துக்கென வகுத்த மறைப்பு, ஒரே சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்தும் சில நூறு பேரிடையே செல்லாது. போதாக்குறைக்குச் செயலியிற் சேரக் கைத்தொலைபேசி இலக்கம் கேட்கப்படுமாயின், அவ்விலக்கம் தேசிய அடையாள அட்டையோடு பிணைந்தது என்பதை நாம் அறிவோம்.

நள்ளிரவு கடந்து ஒருவர், தாம் விடியலைக் காணப்போவதில்லை என எழுதுகிறார் எனக் கொள்வோம். மறுமுனையில் இருப்பவள் இரண்டாம் வருட மாணவி. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அவள் யாரை எழுப்புவாள்? 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தை அனுப்பிவிட்டு உறங்கச் செல்வாளா? உறக்கம் வருமா? அவள் சுமையை யார் கேட்பார்? பயிற்சியும் மேற்பார்வையுமின்றி அவளை அங்கே அமர்த்துவது இருவருக்குமே இழைக்கும் அநீதி.

ஆகவே செயலி வேண்டுவோரிடம் நாம் கேட்பது இதுவே. கேட்போர் ஒவ்வொருவரின் பெயரும் உளவளத்துணையாளரிடம் பதிவாகட்டும். வேறொரு பல்கலைக்கழகத்து மாணவரே கேட்போராக அமையட்டும். உரையாடல் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பது முதற் பக்கத்திலேயே எழுதப்படட்டும். இரவு முறைக்குப் பொறுப்பான, பயிற்சி பெற்ற ஒருவரின் தொலைபேசி விழித்திருக்கட்டும். இவற்றுக்கு ஆளும் பணமும் தேட ஓராண்டு செல்லலாம். நிரல் எழுதுவதற்கோ ஒரு விடுமுறை போதும். அதனாலேயே அதிலிருந்து தொடங்க எல்லோரும் விரும்புகின்றனர்.