மோர் நின்றுபோன திங்கட்கிழமை: பீன்யாவின் உணவுக்கூடங்கள் குறித்துச் சில சொற்கள்

களப்பணிக்காக நான் சென்றுகொண்டிருந்த, பீன்யா இரண்டாம் கட்டத்தில் உள்ள நடுத்தர ஆலை ஒன்றின் கேண்டீனில், ஒரு திங்கட்கிழமை மதியம் மோர் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வார இறுதியில் மோர் வைக்கும் எவர்சில்வர் பாத்திரமே மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பொரியலும் வாரத்தில் மூன்று நாளாகச் சுருங்கியது. அறிவிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து லேத் ஓட்டும் ஒருவரிடம், இதை யாரிடமாவது கேட்டீர்களா என்று விசாரித்தேன். பரிமாறுபவரிடம் கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறார், அவரும் ஒப்பந்த ஆள்தான், மேலே யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்றார். பிறகு கைகழுவிவிட்டு ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டார்.

இது ஒரு சிறிய செய்தி என்பதை அறிவேன். ஒரு குவளை மோருக்காக ஒரு நீண்ட பதிவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆனால் அந்த லேத் தொழிலாளி சொன்னதில் கவனிக்கத்தக்கது மோர் அன்று. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே. உண்பவருக்கும் உணவைத் தீர்மானிப்பவருக்கும் இடையே ஒரு வழி இருக்க வேண்டும் என்று நம் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. அந்த வழி எப்படி அடைபட்டது என்பதே இப்பதிவின் பொருள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46ஆம் பிரிவில், 250 தொழிலாளர்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கேண்டீன் அமைப்பதைக் கட்டாயமாக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. அப்பிரிவை முழுவதும் படிப்பவர்கள் குறைவு. கட்டடமும் மேசை நாற்காலியும் எத்தகையவையாக இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. என்ன உணவு பரிமாறப்பட வேண்டும், அதற்கு எவ்வளவு விலை வாங்கலாம், கேண்டீனை நடத்தும் நிர்வாகக் குழு எப்படி அமைய வேண்டும், அதில் தொழிலாளர்களின் பிரதிநிதித்துவம் என்ன என்பவற்றையெல்லாம் விதிகளாக வகுக்கச் சொன்னது. அதன்வழி எழுந்த விதிகள், உணவின் தரம், அளவு, உணவுப் பட்டியல், உண்ணும் நேரம் ஆகியவற்றில் அந்தக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றன. மெனுவை மாற்றுவது கலந்துபேசி எடுக்க வேண்டிய முடிவு என்பதே இதன் பொருள். அப்படியானால் மோரை நிறுத்துவதற்கும் ஒரு கூட்டம் நடந்திருக்க வேண்டும்.

சட்டம் இயற்றியவர்களுக்கு இந்த அக்கறை வெறும் கருணையால் வந்ததாக நான் நினைக்கவில்லை. 1946 பிப்ரவரி 18ஆம் நாள் பம்பாயில், ‘தல்வார்’ என்ற கடற்படைத் தகவல்தொடர்புப் பயிற்சி நிலையத்தின் மாலுமிகள், மோசமான உணவையும் அவமதிப்பான நடத்தையையும் எதிர்த்து உண்ண மறுத்தார்கள். சில நாள்களுக்குள் அது கராச்சி வரை பரவி, பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையையே உலுக்கிய எழுச்சியாக மாறியது. அந்த எழுச்சிக்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன. ஆனால் அவை வெடித்த இடம் உணவுக்கூடம். தட்டில் விழுவது என்ன என்பதோடு, அதைத் தட்டில் போடுபவர் நம்மை எப்படி மதிக்கிறார் என்பதும் சேர்ந்தே அங்கு கணக்கில் வந்தது. 46ஆம் பிரிவு எழுதப்பட்டது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து.

தமிழ்ச் சூழலுக்கு இது புதிய பாடமும் அன்று. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது 1920களில் எத்தகைய அரசியல் பிளவுக்கு இட்டுச்சென்றது என்பதை இப்பதிவைப் படிக்கும் அனைவரும் அறிவர். பரிமாறப்பட்ட சோறு ஒன்றாகவே இருந்திருக்கலாம். பந்தி வேறாக இருந்தது. உணவுக்கூடம் என்பது ஒரு சமூகம் தன் உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் இடம் என்பதை நாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்துவிட்டோம். பீன்யாவில் நான் கண்ட ஒரு கேண்டீனில் நிரந்தரத் தொழிலாளர்கள் முதலில் உண்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள் எழுந்த பிறகு வருகிறார்கள். கூட்டு தீர்ந்துபோவது எப்போதும் இரண்டாம் பந்திக்குத்தான். இங்கே சாதியின் பெயரை யாரும் சொல்வதில்லை. அடையாள அட்டையின் நிறம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இனி பீன்யாவின் தனித்த சிக்கலுக்கு வருகிறேன். தென்னாசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று பீன்யாவைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் அதன் பெருமை அளவில் அன்று, எண்ணிக்கையில் இருக்கிறது. எந்திரப் பாகங்கள், மின்முலாம், பவுடர் கோட்டிங், வார்ப்பு அச்சு, ஆயத்த ஆடை என ஆயிரக்கணக்கான சிறு கூடங்கள் தெருத்தெருவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பதினைந்து பேர், நாற்பது பேர், எழுபது பேர் வேலை செய்யும் இடங்கள்தாம் மிகுதி. அருகே ஜாலஹள்ளியில் எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் 1950களில் எழுந்தபோது கேண்டீனும் குடியிருப்பும் அவற்றோடு சேர்ந்தே எழுந்தன. அந்தப் பேராலைகளுக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்து வளர்ந்த சிறுகூடங்களில் பல இன்று பீன்யாவில் உள்ளன. வேலை கைமாறிச் சிறுகூடங்களுக்கு வந்தது. உணவுக்கூடம் அதனோடு வரவில்லை. 250 என்ற வரம்புக்குக் கீழே நின்றவர்களுக்குத் தொழிற்சாலைகள் சட்டம் கேண்டீனைக் கட்டாயமாக்கவில்லை.

2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, கேண்டீனுக்கான வரம்பை 100 ஆகக் குறைத்ததோடு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பீன்யாவின் பெரும்பாலான கூடங்கள் 100க்கும் கீழே உள்ளவை. இரண்டாவது இன்னும் நுட்பமானது. பழைய சட்டம் நிர்வாகக் குழுவையும் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தையும் தன் உடலிலேயே பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. புதிய தொகுப்போ கேண்டீன் என்ற வசதியைச் சொல்லிவிட்டு மற்றவற்றை விதிகளுக்கு விட்டுவிடுகிறது. விதி என்பது அரசாணையால் மாறக்கூடியது. கட்டடத்துக்கு உத்தரவாதம் கிடைத்து, குரலுக்குக் கிடைக்காமல் போகும் அபாயம் இங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு உதவும் என்று நினைக்கிறேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2023 முதல் இலங்கைக்கு உல்லாசக் கப்பல் போய்வருவதைப் பலர் படித்திருப்பீர்கள். இத்தகைய கப்பல்களின் பெரிய உணவுக்கூடத்தில் ஒரு பதார்த்தம் குறைந்தாலும் பயணிகள் உரிமையோடு கேட்பார்கள். கட்டணச் சீட்டு கையில் இருக்கிறது. அதே கப்பலின் அடித்தளத்தில் ஊழியர்கள் உண்ணும் இடம் ஒன்றும் இருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. பணிக்காலம் முழுவதும் கப்பல் ஊழியருக்கு உணவு இலவசமாக வழங்கப்பட வேண்டும். அதன் தரம், ஊட்டம், அளவு ஆகியவை போதுமானவையாக இருக்க வேண்டும். அவர்களின் வேறுபட்ட பண்பாட்டு, சமயப் பின்னணிகள் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்கிறது அது. பத்துப் பேருக்குக் குறையாத பணியாளர் தொகுதி கொண்ட கப்பலில் தகுதிபெற்ற சமையற்காரர் இருந்தாக வேண்டும்.

கடலில் பத்து, நிலத்தில் நூறு. ஏன் இந்த வேறுபாடு? கடலில் இருப்பவர் வேறெங்கும் போய் உண்ண முடியாது என்பதே காரணமாகச் சொல்லப்படும். ஆனால் பீன்யாவில் இருப்பவர் எங்கே போவார்? பழைய சட்டத்தின் 55ஆம் பிரிவு தரும் இடைவேளை குறைந்தது அரை மணி நேரம். நடைமுறையில் அதுவே மிகுதியான அளவுமாகிவிடுகிறது. எண்ணெய்க் கறை போகக் கைகழுவ ஐந்து நிமிடம், வரிசையில் நிற்கப் பத்து நிமிடம். துமகூரு சாலையைக் கடந்து ஓர் உணவகத்தைத் தேடிப் போய்த் திரும்ப நேரம் போதாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கியிருப்பவரிடம் வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு வரலாமே என்று சொல்வதும் பொருந்தாது. அரை மணி நேரத்துக்குள் அடைபட்டவருக்கு அந்தக் கூடமே கப்பல்தான்.

இதற்கு மாநகரம் தந்த விடை, 2017 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இந்திரா கேண்டீன். காலை உணவு 5 ரூபாய்க்கும், மதிய உணவும் இரவு உணவும் 10 ரூபாய்க்கும் என்று அது தொடங்கியது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் இதற்கு முன்மாதிரி. ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அம்மா உணவகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் அங்கேயே சமைத்து அங்கேயே பரிமாறினார்கள். இந்திரா கேண்டீனில் ஒப்பந்ததாரர்கள் மையச் சமையற்கூடங்களில் சமைத்து வண்டியில் அனுப்பும் முறை கையாளப்பட்டது. சமைப்பவர் கண்ணெதிரே இருந்தால் உப்புக் குறைந்தால் சொல்லலாம். சமையல் எங்கோ நடந்தால், பரிமாறுபவர் வெறும் கைகளாகிவிடுகிறார். ராகி முத்தேயைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு பெங்களூரில் மீண்டும் மீண்டும் எழுந்ததன் பின்னணியும் இதுதான். களியை உண்டு வளர்ந்த உடலுக்கு, அது கன்னடத்தில் முத்தேயானாலும் தர்மபுரியில் களியானாலும், பிற்பகல் முழுவதும் எந்திரத்தின் முன் நிற்க எது தாங்கும் என்பது தெரியும். அந்த அறிவு மெனுவைத் தீர்மானிக்கும் மேசைக்கு வந்து சேர வழி இல்லை.

வழி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை என்னவென்று தெரியாத பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. அவர்கள் மறித்த தேசிய நெடுஞ்சாலை 48 தான் பெங்களூரைக் கடந்து பீன்யாவின் வழியே துமகூருக்குச் செல்கிறது. உணவைப் பற்றிப் பேச ஒரு குழு இல்லாத இடத்தில், சாலைதான் குழுக்கூடமாகிறது.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். முப்பது பேர் வேலை செய்யும் ஒரு முலாம் பூசும் கூடத்தால் சமையற்கூடம் கட்ட முடியாது. மூலப்பொருள் விலையும் மின்கட்டணமும் அழுத்துகின்றன; மோரை நிறுத்துவது அவருக்கும் மகிழ்ச்சியான முடிவு அன்று. இதை நான் ஏற்கிறேன். ஆனால் தனித்தனியே முடியாதது சேர்ந்து முடியும். பீன்யாவில் தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் தொழில்முனைவோர் ஒன்றுகூடிக் கோரிக்கை வைக்கிறார்கள். அதேபோல், ஒரு தெருவுக்கோ இரண்டு தெருவுக்கோ பொதுவாக ஒரு கேண்டீன், அதன் செலவில் ஒவ்வொரு கூடத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கேற்ற பங்கு, அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் என்று அமைப்பதில் பொருளாதாரத் தடை பெரிதாக இல்லை. செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் எதைக் குறைப்பது என்பதை அந்தக் குழு சொல்லட்டும். மோரை விட்டுவிட்டு அப்பளத்தை எடுங்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும். வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர்களுக்கு மோர் எதற்கு என்பது, கணக்கெழுதும் குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

கர்நாடக அரசு புதிய தொகுப்பின்கீழ் விதிகளை நடைமுறைப்படுத்தும்போது மூன்றை உறுதிசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட நிர்வாகக் குழு, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதில் இடம். மெனு மாற்றத்தை முன்கூட்டியே கன்னடத்திலும் தொழிலாளர் பேசும் பிற மொழிகளிலும் எழுதி ஒட்டுதல். அட்டையின் நிறம் பார்க்காத ஒரே பந்தி.

கடைசியாக, நம்மைப் பற்றி. இதைப் படிப்பவர்களில் பலர் பல்கலைக்கழக விடுதிகளில் இருந்தவர்கள், இருப்பவர்கள். நம் மெஸ்ஸில் குழு உண்டு, செயலர் உண்டு, மாதக் கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மாற்றினால் நோட்டீஸ் பலகையில் விவாதமே நடக்கும். அதை நாம் ஜனநாயகப் பயிற்சி என்று பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதே நாம் தொழிலாளர்களிடம் வினாநிரல் எடுத்துச்செல்லும்போது கூலியைக் கேட்கிறோம், வேலைநேரத்தைக் கேட்கிறோம், வாடகையைக் கேட்கிறோம். உணவு என்று வந்தால் எத்தனை வேளை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். என் வினாநிரலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அதில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: உங்கள் கேண்டீனில் ஏதாவது மாறினால், யாரிடம் கேட்பீர்கள்? இதுவரை அந்தக் கேள்விக்கு எதிரே எழுத எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.