யாக்கோபு எங்கே?

அண்மையில் ஓர் இதழ் தரங்கம்பாடிக்குச் சிறப்புப் பகுதி ஒதுக்கியிருந்தது. டேனிஷ் கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், சீகன்பால்கின் அச்சுக்கூடம் எல்லாம் உண்டு, படங்களும் பழுதில்லை. நடுவே ஒரு தீர்ப்பு: பக்கத்துத் திருக்கடையூரின் மார்க்கண்டேயன், மயிலைப் பூம்பாவை, எருசலேமின் இயேசு எல்லாம் சாவை மறுக்கும் மனத்தின் ஒரே தொன்மமாம்; ஆராய ஒன்றுமில்லையாம். கட்டுரையாளர் எண்பதுகளில் அமைப்பியல் வண்டியில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை போலும். மார்க்கண்டேயன் சாகவேயில்லை, உதைபட்டது காலன். சம்பந்தர் பாடப் பூம்பாவை எலும்பிலிருந்து எழுந்த கதையை விரித்துரைக்கும் சேக்கிழாரோ சம்பந்தருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். காவியமாக அது பேரழகு. வழக்குமன்றச் சாட்சியமாகத் தன்னை அது முன்வைத்ததே இல்லை.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் முன்வைக்கிறது. சிலுவை மரணம் கி.பி. 30ஐ ஒட்டி, நிருபம் 55 அளவில். பதினைந்தாம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் வருகிறது: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, கடைசியில் தான். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் சேர்க்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்பதுதான் அதன் தொனி. பட்டியலையும் தான் பெற்றுக்கொண்டதாகவே சொல்கிறார். மனம் மாறி மூன்றாண்டு கழித்து எருசலேமில் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கியதையும் யாக்கோபைச் சந்தித்ததையும் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். தொன்மம் முளைக்க அவகாசம் வேண்டும்; இங்கே அது இல்லை. தரங்கம்பாடி அச்சில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு கொசுறு: நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த பெரிய எழுத்தில் முதலில் அச்சேறின, காகிதத் தட்டுப்பாட்டால் இங்கேயே வார்த்த சின்ன எழுத்தில் 1715இல் மீதி முடிந்தது. நிருபங்களெல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான். கட்டுரையாளர் கண்ணில் படாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மறுப்புகள் வலுவற்றவை அல்ல. சுவிசேஷங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மாற்குவின் மிகப் பழைய பிரதிகள் பெண்கள் கல்லறையிலிருந்து பயந்தோடி யாரிடமும் ஒன்றும் சொல்லாததோடு நின்றுவிடுகின்றன. உண்மைதான். ஆனால் புனைபவன் இப்படிப் புனைவானா? பெண்களின் சாட்சியத்தை மதிக்காத காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த செல்சஸ் இதைச் சொல்லியே பரிகசித்தார். அப்படியிருந்தும் நான்கு சுவிசேஷங்களும் வெறுங்கல்லறைக்கு முதற்சாட்சியாகப் பெண்களையே நிறுத்துகின்றன. சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்றார் ஜெர்மானிய அறிஞர் ரைமாரஸ். திருடிய பொய்க்காகவா உதைபட்டும் சிறைப்பட்டும் திரிந்தார்கள்? அற்புதம் இயற்கைக்கு மாறானது, எந்தச் சாட்சியும் அதற்குப் போதாது என்ற தத்துவவாதி ஹியூமின் வாதமே கனமானது. எனினும் அது சாட்சிகளைக் கேட்பதற்கு முன்பே வழக்கைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. நம்புகிறவன்தான் இதை ஏற்பான் என்பதும் சரியல்ல: பின்காஸ் லாப்பிடே என்ற வைதிக யூத அறிஞர் உயிர்த்தெழுதலை வரலாற்று நிகழ்வாக ஏற்றார், யூதராகவே இருந்தார்.

உண்மையில் ஒப்பிட வேண்டியது வள்ளலாரை. 1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பின்னர் திறந்தபோது அறை வெறுமையாயிருந்தது என்கிறது அன்பர் மரபு. இறந்தவர் எழுவர், ஆகவே எரிக்காமல் புதையுங்கள் என்று முன்பே சொல்லிவைத்தவர் அவர். எதிர்பார்ப்பு இருந்தது, வெற்றிடமும் இருந்தது. ஆனால் இன்னார் இன்னார் அவரைக் கண்டார்கள் என்று சில ஆண்டுகளுக்குள் யாரும் பட்டியல் எழுதி ஊர்ஊராக அனுப்பவில்லை. எருசலேமில் நிலைமை தலைகீழ். யூதர் எதிர்பார்த்தது உலக முடிவில் எல்லோரும் எழுவதை. நடுவழியில் ஒருவர் மட்டும் எழுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இயேசு முன்னறிவித்தார் என்று சொல்லும் சுவிசேஷங்களே சீடர்களுக்கு அது விளங்கவில்லை என்றும் சொல்கின்றன.

துயரத்தில் மனம் கண்ட தோற்றம் என்பது பேதுருவுக்குப் பொருந்தலாம். பவுல் துயரப்படவில்லை, இயேசுவை நம்பியவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார். யாக்கோபோ இயேசுவின் உடன்பிறந்தவர், அண்ணனைத் தம்பியர் நம்பவில்லை என்று யோவான் கூசாமல் எழுதுகிறார். அதே யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராகி 62இல் கல்லெறிபட்டுச் செத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் பதிந்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது? பவுல் ஒரு பதில் தருகிறார். ஏற்காதவர் வேறொன்று தரட்டும். அந்தச் சிறப்புப் பகுதியில் யாக்கோபின் பெயரே இல்லை.