மூணாவது சுத்துல மாட்டும்

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் ஒரு ஹாபி. இங்கே 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. நீங்கள் பீரைக் காய்ச்சினால் போலீஸ் உங்களைக் காய்ச்சும். ஆகவே பீர் அடைக்கிற கெக் ஒன்று மதுரைக்கு வந்தால் வேறு உத்தியோகம்தான் பார்த்தாக வேண்டும்.

திருநகர் நண்பருக்கு அப்படி ஒன்றை டெக்ஸாஸ் மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். 19 லிட்டர் ஸ்டீல் பாத்திரம். ஒரு காலத்தில் குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அடைத்து அனுப்பியது. அவர்கள் கழித்துவிட்டதை பீர் ஆசாமிகள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கூடவே ஒன்றரை மீட்டர் ஓஸ். ஒரு முனை கெக்கில் மாட்டும், மறுமுனையில் குழாய்க்கான பித்தளை மரை. வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து, காற்றடித்து, மாடியிலிருக்கும் மல்லிகைக்கு ஸ்பிரே செய்வதாக பிளான்.

ஓஸ் முக்கால் இஞ்ச். குழாயும் முக்கால் இஞ்ச். ரெண்டு சுற்று சமர்த்தாக ஏறிய மரை மூன்றாவதில் மாட்டிக்கொண்டது.

"இன்னும் ஒரு முறுக்கு முறுக்குனா சரியாப் போயிரும்ணே" என்றார் பிளம்பர்.

போகாது சார். நம் குழாய் பிரிட்டிஷ்காரன் கணக்கு: முக்கால் இஞ்ச் என்றால் இஞ்சுக்கு 14 மரை. அமெரிக்கத் தோட்ட ஓஸில் பதினொன்றரை. குறுக்களவில் வித்தியாசம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதனால்தான் முதலில் ஏறி ஆசை காட்டுகிறது. பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த சில கல்யாணங்கள் மாதிரி. 1904-ல் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தபோது வெளியூர் தீயணைப்பு வண்டிகள் உதவிக்கு ஓடிவந்தன. பல ஓஸ்கள் அந்த ஊர்க் குழாயில் மாட்டவில்லை. ஆயிரத்தைந்நூறு கட்டடங்கள் போயின.

வைத்தியம் சுலபம். பித்தளை முனையை வெட்டி எறியுங்கள். மாரட் வீதிப் பக்கம் போய், ஒரு பக்கம் நம்மூர் மரை, மறுபக்கம் ஓஸைச் சொருகும் நிப்பிள் என்று கேட்டு, ஒரு கிளிப்பும் வாங்கி இறுக்கினால் முடிந்தது.

முடிந்தது என்று நண்பர் நினைத்தார். அந்தக் குழாய் மாநகராட்சி லைன். மருந்து கலந்த கெக்கில் ஓஸ் மாட்டியிருக்க, குழாயும் திறந்திருக்க, அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சினால்? (சட்டப்படி கூடாதுதான். தெருவுக்கு எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டாம்.) வேப்பெண்ணெய்த் தண்ணீர் பின்னாலேயே போய் அவர் வீட்டுக் குடத்தில் இறங்கும். வேப்பெண்ணெயாவது கசந்து காட்டிக்கொடுக்கும். கடையில் வாங்கின பூச்சிமருந்து கசக்குமா என்பது குடித்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே கெக் பக்கம் ஓஸை மாட்டவே கூடாது. மூடியைத் திறந்து, வாய்க்கு நாலு விரல் மேலே ஓஸைப் பிடித்துத் தண்ணீர் விட வேண்டும். குழாயை மூடிய பிறகுதான் மருந்து. காற்றடித்த கெக்கை மறுபடி திறக்குமுன், மூடியிலுள்ள வளையத்தை இழுத்து 'புஸ்' அடங்கும்வரை காத்திருங்கள். மச்சான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் ஊரில் யாரும் அதில் மல்லிகைக்கு மருந்தடிப்பதில்லை போலிருக்கிறது.