அரிசி எல்லை தாண்டியது; ஆஸ்பத்திரி தாண்டாதா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் போதும். தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும், செம்பூரிலும், சீத்தா கேம்ப்பிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எங்கே சேர்ப்பது? இங்கே கட்டணம் தாங்காது. ஊர்ப்பக்கம் கல்லூரி இருக்கிறது, ஆச்சி வீடும் இருக்கிறது. வட்டிக்கு வாங்கிப் பணத்தைக் கட்டி, ஊறுகாய்ப் பாட்டிலும் போர்வையும் கொடுத்து, நாகர்கோவில் வண்டியிலே பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். எல்லாவற்றையும் யோசிக்கிற நாம் ஒன்றை மட்டும் யோசிப்பதில்லை. அங்கே பிள்ளை படுத்துவிட்டால் செலவுக்கு யார் பொறுப்பு?

நம் சங்கத்துக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுகிறோம். தகப்பனார் செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவர். மாதந்தோறும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். மகன் நெல்லையில் பொறியியல் படிக்கிறான். ஐப்பசி மழையோடு டெங்குக் காய்ச்சல் வந்தது. விடுதியிலிருந்து தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்பணம் கட்டினால்தான் கட்டில் என்றார்கள். தாயின் கம்மலும் சங்கிலியும் தாராவி அடகுக்கடைக்குப் போயின. பிள்ளை பிழைத்தான், கடன் இன்னும் பிழைத்திருக்கிறது.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது என்ன? அதே நெல்லையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. தகப்பனார் கட்டிய பணத்துக்கு மகன் அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றிருக்கலாம். ஆனால் குடும்பப் பதிவில் மகனின் பெயரே ஏறவில்லை! கம்பெனி ஆபீசில் கேட்டால் "நீ சொல்லவில்லையே" என்றார்கள். சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொன்னது யார்?

தோழர்களே, இது தர்மம் அல்ல, நம் பணம் என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றே கால் ரூபாயும் செலுத்த வேண்டும். மாதம் 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 135 ரூபாய் பிடித்தம். முதலாளி பங்கு 585. ஆக மாதம் 720, வருடத்துக்கு 8,640 ரூபாய். முதலாளி கட்டுவதும் நம் உழைப்பில் விளைந்ததுதான். படிக்கின்ற பிள்ளைக்கு 21 வயது வரையிலும், வருமானமில்லாத மணமாகாத மகளுக்கு அதற்குப் பிறகும் இந்த உரிமை உண்டு. குடும்பத்தார் வேறு ஊரில் இருந்தால் அந்த ஊர் மருந்தகத்தையே அவர்களுக்குப் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. வழி இருந்தும் கதவைக் காட்ட ஆள் இல்லை. இதுதான் முதல் அநியாயம்.

இரண்டாவது அநியாயம் இதைவிடப் பெரியது. இ.எஸ்.ஐ. உள்ளவன் நம்மில் எத்தனை பேர்? தாராவியின் தோல் பட்டறையில், தையல் பட்டறையில், இட்லி வியாபாரத்தில் உழைப்பவனுக்கு அது கிடையாது. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பத்துக்கு மேல் ஆள் வைத்திருப்பவனும் கணக்கில் ஒன்பதைக் காட்டத் தெரிந்தவன்தான். இன்னொரு பக்கம், 2017 சனவரியில் 21,000 ரூபாய் என்று சம்பள வரம்பு வைத்தார்கள். போராடிச் சம்பள உயர்வு பெற்று அந்தக் கோட்டைத் தாண்டியவன் மருத்துவ உரிமையை இழந்து நின்றான். விலைவாசி ஏறியது போல் வரம்பு ஏறவில்லை.

இவர்களுக்கு மாநில அரசுகளின் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 2012-இல் வேறு பெயரில் தொடங்கி, 2017-இல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரைப் பெற்ற திட்டம், 2024-இல் ரேஷன் அட்டைக்காரர் எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை என்று விரிந்தது. நம்மிடமும் அந்த அட்டை உண்டு. ஆனால் அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மகாராஷ்டிரத்துக்குள்தான். பிள்ளை படுத்திருப்பதோ பாளையங்கோட்டையில்!

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012-இல் முதலமைச்சர் திட்டமாக மாறிய காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும்; அங்கத்திய குடும்ப அட்டையில் பெயர் வேண்டும். நம் பிள்ளையின் பெயர் இங்கத்திய அட்டையில். அங்கே போனால் "நீ மும்பைக்காரன்" என்பார்கள். இங்கே கேட்டால் "நீ மதராசி" என்பார்கள். காய்ச்சலுக்கு மட்டும் நாம் எந்த ஊர்க்காரன் என்ற சந்தேகமே வருவதில்லை.

2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை வேறு மாநிலத்திலும் செல்லும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதன் அடிப்படைப் பட்டியல் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதப்பட்டது. இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளை அன்று சிறு குழந்தை. அந்த வருடம் வீடு மாறி, வேலை மாறி அலைந்த குடும்பம் பட்டியலில் எங்கே இருக்கும்?

கல்லூரிகளாவது கவனிக்கின்றனவா? கட்டண ரசீதில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது விபத்துக் காப்பீடு மட்டும். பஸ் மோதினால் பணம் உண்டு. மஞ்சள் காமாலைக்கு இல்லை. நாம் எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

முடியாத காரியத்தையா நாம் கேட்கிறோம்? ரேஷன் அரிசியைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊர் அட்டைக்கு ஊர்க் கடையில்தான் அரிசி. 2019-இல் மகாராஷ்டிரம் உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தொடங்கியது. 2020-இல் தமிழ்நாடு சேர்ந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சேரக் கெடு வைத்தது. 2022-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் தொழிலாளி நெடுஞ்சாலையில் நடந்து செத்த பிறகுதான் ஆட்சியாளருக்கு அவசரம் வந்தது என்றாலும், வந்தது. அரிசி மூட்டைக்கு எல்லை இல்லை என்று ஆக்க முடிந்தவர்களால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆக்க முடியாதா? அதற்கும் சாலையில் சாக வேண்டுமா?

கேரளத்தைப் பாருங்கள். 2017-இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே ஆவாஸ் என்ற காப்பீட்டைத் தொடங்கினார்கள். தொகை சிறியதுதான். ஆனால் நம் மண்ணில் இருப்பவன் நம் பொறுப்பு என்ற கொள்கை பெரியது.

நீதிமன்றமும் வாய் மூடி இருக்கவில்லை. வங்காளத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கட்டில் இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவருடைய சங்கம் வழக்குப் போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும், பணமில்லை என்று அரசு தப்ப முடியாது என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் வாங்கிக் கொடுத்தது. சங்கம் இருந்ததால் வந்த தீர்ப்பு அது!

ஆகவே நாங்கள் கேட்கிறோம். மாநிலக் காப்பீடுகள் இரண்டும் கைகோத்து, வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளைக்குப் படிக்கும் ஊரிலேயே சிகிச்சை தரவேண்டும். கணக்கை அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். கல்லூரி அடையாள அட்டையையே இருப்பிடச் சான்றாக ஏற்கவேண்டும். இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கும் கல்லூரி நோய்க்கும் சேர்த்துக் காப்பீடு செய்யவேண்டும். இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தவேண்டும். இங்கேயும் அங்கேயும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதை முகத்துக்கு நேரே கேளுங்கள்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இந்த வாரமே பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் நகலைப் பிள்ளையின் பெட்டியிலே வையுங்கள். ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் உண்டா என்று விசாரியுங்கள். எதுவும் இல்லாதவர்கள், முடிந்தால், 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியைப் பாருங்கள். 25 வயது வரை பெற்றோரை நம்பியிருக்கும் பிள்ளையை அதில் சேர்க்கலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. ஆனால் முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர வேறு நோய்க்குப் பணம் வராது. ஆகவே வண்டி ஏறுகிற அன்றைக்கு அல்ல, அதற்கு முன்பே எடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வாருங்கள். படித்த பிள்ளைகள் உதவுவார்கள்.

ஆனால் ஒன்று. பாலிசி வாங்குவது நம் வீட்டைக் காக்கும்; பக்கத்து வீட்டைக் காக்காது. இந்த நகரத்தின் தோலைப் பதனிட்டவர்கள் நாம், சட்டையைத் தைத்தவர்கள் நாம், சாக்கடையைச் சுத்தம் செய்தவர்களும் நாம். நம் பிள்ளை ஒருவன் படித்து மேலே வருகிறபோது, ஒரு காய்ச்சல் அவனையும் அவன் குடும்பத்தையும் மறுபடி கந்துவட்டிக்காரன் வாசலில் தள்ள அனுமதிக்கலாமா? அடுத்த கல்லூரி ஆண்டு தொடங்குமுன் இதற்கு விடை வாங்குவோம். தாயின் கம்மல் இனி அடகுக்கடைக்குப் போகக்கூடாது!