வால்வு திறந்தது, ஆனாலும் தொட்டி வெடித்தது!

இட்லிப் பானையில் ஆவி மிகுந்தால் மூடி தூக்கிக் கொள்ளும். ஆலைகளில் உள்ள பெரிய வாயுத் தொட்டிகளுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அதுதான் பாதுகாப்பு வால்வு.

தொட்டியைத் தீ சூழ்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் கொதிக்கும். கிளம்பும் ஆவி முழுவதும் வெளியேறும் அளவுக்கு வால்வின் வாய் அகலமாக இருக்க வேண்டும். திரவம் படும் சுவரின் பரப்பைக் கொண்டு என்ஜினீயர்கள் இதைக் கணக்கிடுகிறார்கள்.

அது மட்டும் போதுமா? போதாது!

1966-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, பிரான்சு நாட்டில் பெய்சின் என்ற ஊரின் எண்ணெய் ஆலையில் புரொப்பேன் தொட்டி ஒன்றைத் தீ சூழ்ந்தது. வால்வு திறந்தது. அதை நம்பி, தீயணைப்பு வீரர்கள் பக்கத்துத் தொட்டிகள் மீது தண்ணீர் பாய்ச்சினார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. 18 பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன? திரவம் இருக்கும் இடத்தில் சுவரின் சூட்டைத் திரவம் வாங்கிக் கொள்ளும். அதற்கு மேலே இருப்பதோ வெறும் ஆவி. அங்கே இரும்பு காய்ந்து வலுவிழந்தது. வால்வு அழுத்தம் ஏறாமல் தடுக்கும், இரும்பைக் குளிர்விக்காது.

ஆகவே வால்வோடு தண்ணீரும் வேண்டும். சிந்திய எரிபொருள் தொட்டியடியில் தேங்காதபடி தரை சரிவாக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை ஆலை நிர்வாகத்தினர் பெரிதாக நினைக்கக் கூடாது. தீயணைக்க ஓடி வருகிறவர்களுக்கும் வீடு உண்டு. பிள்ளை குட்டி உண்டு.