மாதவிலக்கு நின்றதும் மறந்துவிடுவதா?

சென்னை மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம். "படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார். "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரஷர்கூடப் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து மந்தைவெளி மருந்துக் கடையில் பார்த்தபோது 170/100.

இப்படித் தட்டிக் கழிப்பதுதான் ஆபத்து. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்வரை ரத்தக் குழாய்கள் இளக்கமாக இருக்கும். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அது வற்றும்போது கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இடுப்பில் இருந்த சதை வயிற்றுக்குள் சேர்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. இதய நோய் அபாயம் வேகமெடுக்கும் காலம் இது என்று 2020இலேயே அமெரிக்க இதயச் சங்கம் எச்சரித்தது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007இல் உத்தரவிட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. பிரசவத்துக்கு அத்தனை அக்கறை காட்டும் அரசு, அதே பெண் ஐம்பதை நெருங்கும்போது அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டியதே அவர்களிடம்தான்.

2025 ஆகஸ்டில் சாந்தோமில் தமிழக அரசின் 'நலம் காக்கும் ஸ்டாலின்' மருத்துவ முகாம் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் முகாம் ஒருநாள் கூத்து. தெருவுக்குப் பக்கத்தில் என்றும் இருப்பது மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையம்தான். நாற்பதைத் தாண்டிய பெண் எதற்கு வந்தாலும் சரி, "மாதவிலக்கு எப்போ நின்னுது, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்துதா?" என்று அங்கே கேட்டுச் சீட்டில் எழுதட்டும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு பார்க்கட்டும். படபடப்பு என்றால் அன்றே இசிஜி எடுக்கட்டும். தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்களும், அடையாறு அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்பவர்களும் காலையில் வர முடியாது. வாரத்தில் ஓரிரு நாளாவது மாலையில் இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும்.

மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும். அதுவரை, உங்கள் வீட்டில் 45 தாண்டிய அம்மாவோ அக்காவோ வேலைக்கு வரும் அம்மாவோ இருந்தால், இந்த வாரமே பிரஷரும் சர்க்கரையும் பார்க்க அழைத்துப் போங்கள்.