நல்லவன் என்பவன் யார்?

இன்றைய வளரிளம் பருவத்தினருக்கு அறவுணர்வே இல்லை என்று பெரியவர்கள் குறைபடுவது வழக்கமாகிவிட்டது. உண்மை அதற்கு மாறானது. அவர்களிடம் உறுதியான ஓர் அறம் இருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, தன் கூட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அது. அந்தக் கூட்டத்துக்குள் யார் யாருக்கு இடமுண்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க், 1958-இல் நிறைவுசெய்த தமது முனைவர் பட்ட ஆய்வில், சிகாகோ பகுதிச் சிறுவர்களிடம் ஒரு கேள்வியை முன்வைத்தார். சாகும் நிலையிலுள்ள மனைவியைக் காப்பாற்றக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பதே அக்கேள்வி. திருடலாமா, கூடாதா என்ற விடையைவிட, அதற்கு அவர்கள் கூறிய காரணங்களையே அவர் ஆராய்ந்தார். தண்டனைக்கு அஞ்சி நடப்பது தொடக்க நிலை. தன்னைச் சார்ந்தவர்கள் தன்னை நல்லவன் என்று மதிக்க வேண்டும் என எண்ணுவது இடைநிலை. யாவர்க்கும் பொதுவான நீதியை நாடுவது அதற்கும் மேலான நிலை. வளரிளம் பருவத்தினர் பலரும் நிற்பது அந்த இடைநிலையில்தான்.

இதன் விபரீதத்தைத் தமிழகம் நேரில் கண்டது. 2023 ஆகஸ்டில் நான்குநேரியில் பிளஸ் 2 பயின்ற பட்டியலின மாணவரும் அவரைக் காக்க முயன்ற தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். பிடிபட்ட சிறுவர்களில் அவருடன் அதே பள்ளியில் பயின்றவர்களும் இருந்தனர். தம்மைத் துன்புறுத்தியவர்கள் குறித்து அம்மாணவர் பள்ளியில் முறையிட்டதே இதற்குக் காரணம் எனச் செய்திகள் தெரிவித்தன. ஒரு மாணவர் நீதி கேட்டது, மற்றவர்களின் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்த குற்றமாகிவிட்டது.

இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றும் கூறியது. மாணவர் கையிலுள்ள கயிறு அவராகக் கண்டுபிடித்ததல்ல, பெரியவர்கள் வகுத்த எல்லையின் அடையாளம் என்பதை இப்பரிந்துரைகள் உணர்த்துகின்றன.

கயிற்றை அவிழ்ப்பது அவசியம். ஆயினும், அது மட்டும் போதாது. நீதிபோதனை வகுப்பும் போதாது. 1974-இல் கோல்பெர்க்கின் வழிகாட்டுதலுடன் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கப்பட்ட கிளஸ்டர் பள்ளியில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் விதிகள் வகுக்கப்பட்டன. அங்கே விதியை மீறுவது ஆசிரியரை மீறுவதன்று. தாமே சேர்ந்து எடுத்த முடிவை மீறுவதாகும்.

நம் பள்ளிகளிலும் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து விதிகளை விவாதிக்கும் மன்றங்கள் வேண்டும். முறையிடுபவருக்கு அச்சமற்ற பாதுகாப்பும் வேண்டும். நண்பனுக்காக எதையும் செய்யத் துணியும் பிள்ளைகளிடம் நற்பண்புக்குக் குறைவில்லை. அடுத்த தெருப் பிள்ளையையும் நண்பனாக எண்ண அவர்களுக்கு வாய்ப்பளிப்பதே பெரியவர்களின் கடமை.